ஸ்டார்ட் ஆகாத சாட்சி

"யாரு? யாருன்னு சொல்லாம தட்டாதீங்க!"

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த பெண்குரல் நடுங்கியது. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலு மாடி ஏறி வந்த எனக்குப் பதில் சொல்ல மூச்சில்லை. மேடம்தான் பேசினார்.

"காலையில போன் பண்ணி வரச் சொன்னீங்களே, அந்தத் துப்பறியற அம்மா. கூட நிக்கறவன் என் அசிஸ்டென்ட், கொசு. கடிக்க மாட்டான். காதுகிட்ட சத்தம் போட்டுட்டே இருப்பான், அவ்வளவுதான்."

என்னைப் பெற்றவர்கள் எனக்கு அழகாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். மேடத்திடம் வேலைக்குச் சேர்ந்த அன்றே அது செல்லாமல் போய்விட்டது.

சங்கிலி விலகியது. தாழ்ப்பாள் விலகியது. பூட்டு திறந்தது. வாசலில் நின்ற பெண் என் தோள் உயரம்கூட இல்லை. கையில் கேமரா ஸ்டாண்டின் ஒற்றைக் காலைத் தடி மாதிரி பிடித்திருந்தார். நாங்கள் தப்பான ஆளாக இருந்திருந்தால் என் மண்டைதான் முதலில் உடைந்திருக்கும்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். வீட்டுக்குள்ள யாரோ வந்து போறாங்க. சொன்னா எனக்குப் பைத்தியம்னுவாங்க."

"நான் சொல்ல மாட்டேன். என்ன நடந்துச்சு, சொல்லுங்க."

"என் நாற்காலி இறங்கியிருக்கு."

நான் சிரிக்கப் பார்த்தேன். மேடம் முறைத்தார். சிரிப்பை விழுங்கினேன்.

அந்த அக்கா வீடியோ எடிட்டர். விழாக்களை அவரே படம் பிடித்து, அவரே வெட்டி ஒட்டிக் கொடுப்பவர். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு சுழல் நாற்காலி. குள்ளமானவர் என்பதால் அதை உயர்த்தி வைத்து, காலுக்கு ஒரு பலகை போட்டுக்கொள்வாராம். நேற்றுச் சாயங்காலம் வெளியே போய்விட்டு வந்து அதில் உட்கார்ந்தால் கால் தரையில் படுகிறது.

"நேத்து எங்க போயிருந்தீங்க?"

"ஜெயிலுக்கு. தம்பியைப் பாக்க."

அப்படிச் சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. போனில் பாதி கேட்டிருந்தோம், மீதியை இப்போது சொன்னார். போன மாதம் இதே கட்டடத்தின் மேல்மாடி ஹாலில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் விழா. அக்காதான் வீடியோ எடுத்தார். விழா நடக்கும்போதே, மொட்டைமாடிப் படிக்கட்டின் உச்சியிலிருந்து குடியிருப்போர் சங்கச் செயலாளரை யாரோ தள்ளிவிட்டார்கள். ஆள் அங்கேயே முடிந்துவிட்டார். அன்று மாலைதான் அவருக்கும் அக்காவின் தம்பிக்கும் தண்ணீர்த் தொட்டி விஷயமாக ஊரே பார்க்க வாய்ச்சண்டை. போலீஸ் வேறு யாரையும் தேடவில்லை, தம்பியை அள்ளிக்கொண்டு போய்விட்டது.

"ஆனா என் வீடியோவுல அவர் அலறி விழற சத்தம் கேக்குது மேடம். அந்த நேரத்துல என் தம்பி குழந்தைங்களோட ஆடிட்டு இருக்கான். வெட்டே இல்லாம ஒரே ஓட்டமா எடுத்தது. கேமரா கார்டை அடுத்த விழாவுக்கு அழிச்சுட்டேன். இருக்கறது இந்த டிஸ்க்குல மட்டும்தான். காப்பி கீப்பி எடுக்காதீங்க, அப்படியே கொண்டு வாங்கன்னு வக்கீல் சொல்லியிருக்கார். நாளைக்குக் காலையில கோர்ட்டு. இன்னைக்குப் பாத்து கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகலை."

தம்பியின் உயிர் ஒரு தகரப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் பூட்டு விழும் சத்தம். துள்ளித் திரும்பினேன். நெடுநெடுவென்று ஓர் ஆள் வாசல் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"இவ ரொம்பப் பயந்து கிடக்கறா. அதான் பூட்டியே வெச்சிருக்கேன்," என்றார் மெதுவாக. "நான் இவ வீட்டுக்காரன். உக்காருங்க மேடம், டீ போடறேன்."

"பாவம் மேடம் இவர்," என்றார் அக்கா. "ஒவ்வொரு வாரமும் ஜெயிலுக்கு என்கூட வந்து, அவன் கையைப் பிடிச்சுட்டு அழுவார். நேத்து காய்ச்சல், வர முடியலை."

கம்ப்யூட்டர் அறைக்குள் மேஜைக்கடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பிணம் என்றே நினைத்தேன். நல்லவேளை, கால்கள் அசைந்தன. கூடவே ஓர் உடம்பும் தலையும் தும்மிக்கொண்டு வெளியே வந்தன. கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர். அந்த வட்டாரத்தில் எல்லாரும் அவரை ஸ்க்ரூ என்றுதான் கூப்பிடுவார்களாம். அக்காவைவிட ஒரு விரல்கடை உயரம், அவ்வளவுதான்.

திரையில் கறுப்புப் பின்னணியில் ஒரே ஒரு வெள்ளை வரி. ஸ்டார்ட் செய்ய டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

"மூணு டிஸ்க் இருக்கு இதுக்குள்ள," என்றார் ஸ்க்ரூ. "ஒண்ணாவதுல விண்டோஸ். ரெண்டாவது இப்ப நடக்கற வேலைங்க. மூணாவது பழைய வீடியோ எல்லாம். அக்கா நெயில் பாலிஷ்ல புள்ளி வெச்சிருக்காங்க பாருங்க, ஒரு புள்ளி, ரெண்டு புள்ளி, மூணு புள்ளி. மூணையும் மாட்டிப் பாத்தேன், வரலை. ஒவ்வொண்ணா தனியா மாட்டிப் பாத்தேன், வரலை. வயர் மாத்திட்டேன். எந்த டிஸ்க்கை முதல்ல பாக்கணும்னு இருக்கற வரிசையையும் மாத்திட்டேன். அசையலை."

"பேட்டரி போயிருக்குமோ?" என்றேன். எனக்கும் நாலு விஷயம் தெரியும் என்று காட்ட வேண்டாமா?

"பேட்டரி போயிருந்தா கடிகாரமும் பின்னால போயிருக்கும் தம்பி. கடிகாரம் சரியா ஓடுது."

எனக்குத் தெரிந்த நாலில் ஒன்று குறைந்தது.

"டிஸ்க்குங்க செத்துப் போச்சா?" என்று கேட்டார் மேடம்.

"அதான் புரியலை மேடம். என் லேப்டாப்புல மாட்டினா மூணும் நல்லா உயிரோட இருக்கு."

மூன்றாவது டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டிக் காட்டினார். வரிசையாக விழாக்களின் பெயர்கள். அக்கா பாய்ந்து வந்து பிறந்தநாள் வீடியோவைத் திறந்தார். பலூன், கேக், கைதட்டல். முதல் சில காட்சிகள் ஓடியதுமே நெஞ்சில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இருக்கு. சாமி, இருக்கு."

டீயோடு வந்த கணவர் தட்டை வைத்துவிட்டு மனைவியின் தலையைத் தடவிக் கொடுத்தார். "நான்தான் சொன்னேனே, ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு. பேசாம இந்த டிஸ்க்கை மட்டும் கழட்டி இன்னைக்கே வக்கீல்கிட்ட குடுத்துடலாம். கம்ப்யூட்டரை மெல்லப் பாத்துக்கலாம். என்ன மேடம்?"

எனக்கு அது அருமையான யோசனையாகப் பட்டது. எனக்கு அருமையாகப் படுகிற எதுவும் மேடத்துக்குப் பிடிக்காது.

"டிஸ்க் நல்லா இருக்கு, வயர் நல்லா இருக்கு, வரிசை நல்லா இருக்கு," என்றார் மேடம் டீயைத் தொடாமல். "எல்லாமே நல்லா இருந்தா இது ஏன் ஓட மாட்டேங்குது? கடைசியா இது எப்ப ஓடுச்சு?"

"நான் முந்தாநாள் ராத்திரி வேலை பாத்தேன்," என்றார் அக்கா. "நேத்து ஜெயில்லேர்ந்து வந்ததும் நாற்காலியைப் பாத்துப் பயந்துட்டேன். ராத்திரி இங்கேயே, இந்த டிஸ்க்குக்குப் பக்கத்துலயே படுத்துட்டேன். காலையில குளிச்சிட்டு வந்து ஆன் பண்ணா இப்படி."

"இவ குளிக்கப் போனப்ப நான் ஆன் பண்ணேன் மேடம்," என்றார் கணவர். "அழகா வந்துச்சு. ஆஃப் பண்ணிட்டுச் சமையலறைக்குப் போயிட்டேன். அப்புறம் இவ பதட்டத்துல எந்த வயரையாவது இழுத்திருப்பா."

"ஓ, காலையில ஓடுச்சு?"

"நல்லா ஓடுச்சே."

மேடம் தலையாட்டிக்கொண்டார். பிறகு ஸ்க்ரூ பக்கம் திரும்பினார். "இந்த விண்டோஸைப் போட்டுக் குடுத்தது யாரு?"

"நான்தான். போன வருஷம்."

"போடும்போது மத்த ரெண்டு டிஸ்க்கையும் கழட்டிட்டுத்தானே போட்டீங்க?"

ஸ்க்ரூவின் முகம் சுருங்கியது. "கழட்டித்தான் போடணும் மேடம். அன்னைக்கு அக்கா அவசரப்படுத்தினாங்க. மூணும் மாட்டியிருக்கும்போதே போட்டுட்டேன். நல்லா ஓடுச்சு, அப்படியே விட்டுட்டேன்."

"அவசரத்துல போட்டா என்ன ஆகும்? இந்தக் கொசுவுக்கும் புரியற மாதிரி சொல்லுங்க."

"விண்டோஸ் ஒரு டிஸ்க்குல உக்காரும். அதைத் திறந்துவிடற சின்னத் துண்டு ஒண்ணு இருக்கு, அது போய் வேற டிஸ்க்குல உக்காந்துடும். வீடு நம்மளது, சாவி பக்கத்து வீட்டுலங்கற மாதிரி. இந்தக் கம்ப்யூட்டர்ல சாவி மூணாவது டிஸ்க்குல இருக்கு. வெளியிலேர்ந்து பாத்தா தெரியாது, ஒளிஞ்சிருக்கும்."

"இப்ப அந்தச் சாவி மூணாவது டிஸ்க்குல இருக்கா, பாருங்க."

ஸ்க்ரூ லேப்டாப்பில் என்னென்னவோ தட்டினார். திரும்பத் திரும்பத் தட்டினார். நெற்றியில் வியர்வை பூத்தது.

"இல்லை மேடம். அந்தத் துண்டே இல்லை. இது... இது நான் போட்ட டிஸ்க்கே இல்லை!"

அக்கா வீலென்று கத்திவிட்டார். யாரோ இந்த வீட்டுக்குள் வந்திருக்கிறார்கள். அதே கம்பெனி டிஸ்க் வாங்கி, அத்தனை வீடியோவையும் அதில் காப்பி செய்து, மூன்று புள்ளியும் வைத்து, அசல் இருந்த இடத்தில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் காப்பி செய்தவனுக்கு, கண்ணுக்குத் தெரியாத சாவி ஒன்று இருப்பது தெரியவில்லை.

உடனே எனக்குள்ளிருந்த துப்பறியும் சிங்கம் சிலிர்த்துக்கொண்டது. "மேடம்! இந்தப் பெட்டியைத் திறந்து மூடத் தெரிஞ்சவர் ஒருத்தர்தான் இந்த ரூம்ல இருக்கார்!" என்று ஸ்க்ரூவைப் பார்த்துக் கை நீட்டினேன்.

"அட நாசமாப் போறவனே!" என்றார் ஸ்க்ரூ. "கழட்டி மாட்ட நாலு ஸ்க்ரூ, குழந்தைகூட பண்ணும். காலையிலேர்ந்து இந்த அழுக்குல புரண்டுட்டு இருக்கேன், என்னையா சொல்ற? ஏற்கெனவே என்னோட பெரிய ஸ்க்ரூ டிரைவரைக் காணோம்னு நான் கடுப்புல இருக்கேன்!"

மேடம் இரண்டு பேரையும் கண்டுகொள்ளவில்லை. அந்த மூன்றாவது டிஸ்க்கை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். அப்புறம் அவர் கேட்ட கேள்வியில் எனக்குத் தலை சுற்றியது.

"எனக்கும் கொஞ்சம் நெயில் பாலிஷ் வேணுமே. எங்க வெச்சிருக்கீங்க?"

"பெட்ரூம்ல, கண்ணாடி மேஜை டிராயர்ல," என்றார் அக்கா குழப்பமாக. "அதை நான் தொட்டே ஒரு வருஷம் இருக்கும். டிஸ்க்குக்குப் புள்ளி வைக்கத்தான் வாங்கினேன்."

மேடம் என்னை இழுத்துக்கொண்டு பெட்ரூமுக்குப் போனார். டிராயரைத் திறந்து, சின்னச் சிவப்பு பாட்டிலை என் கையில் வைத்தார்.

"திற."

பல்லைக் கடித்துக்கொண்டு திருகத் தயாரானேன். என் வீட்டில் பழைய நெயில் பாலிஷைத் திறப்பதென்றால் வெந்நீர், கதவிடுக்கு, குறடு எல்லாம் வேண்டும். இதுவோ தொட்டதும் சுழன்று கழன்றது. ஒரு வருஷம் தொடாத பாட்டிலின் மூடி ஒட்டிப்போயிருக்க வேண்டாமா?

"மேடம், இதை இப்பதான் யாரோ..."

"சத்தம் போடாதே." அவர் குரல் இறங்கியிருந்தது. "போனை எடுத்துட்டு பால்கனிக்குப் போ. சிக்னல் கிடைக்கலைன்னு நடி. காலையில அந்தம்மா குடுத்த நம்பர்ல வக்கீலைக் கூப்பிடு, இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கிட்டு உடனே இங்க வரச் சொல்லு."

"ஸ்க்ரூவைப் பிடிக்கவா?"

"ஸ்க்ரூவா இருந்தா எனக்கென்னடா பயம்?"

"நீங்க... பயப்படறீங்களா மேடம்?"

"ஆமாடா."

இத்தனை நாளில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. பால்கனியில் நின்று வக்கீலின் எண்ணை அழுத்துகையில் விரல் இரண்டு முறை தப்பான எண்ணில் விழுந்தது. மூன்றாவது தடவை எடுத்த வக்கீல், பக்கத்து ஸ்டேஷனிலிருந்து இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு உடனே வருவதாகச் சொன்னார். கீழே தெருவில் மழையில் ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நாலு மாடிக்கு மேலே பூட்டிய வீட்டுக்குள் நான் நடுங்குவது ஒருவருக்கும் தெரியாது. வாசல் சாவி எங்கே இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

நான் திரும்பி வந்தபோது ஸ்க்ரூ கோபமாகப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். கணவர் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தார்.

"கோவிச்சுக்காதீங்க. போறப்ப இதையும் எடுத்துட்டுப் போயிடுங்க. எல்லாம் செத்துப்போன பழைய டிஸ்க். நீங்கதான் யாரும் படிக்க முடியாதபடி ஓட்டை போட்டு இரும்புக்கடையில போடுவீங்களே."

"அட, இருங்க இருங்க," என்றார் மேடம் சிரித்த முகத்தோடு. "ஓட்டை போடறதுக்கு முன்னால ஒரு விளையாட்டு விளையாடிப் பாக்கலாம். ஸ்க்ரூ, அந்தப் போலி டிஸ்க்கைக் கழட்டி வைங்க. இந்தப் பெட்டியில இருக்கறதை ஒவ்வொண்ணா அதே இடத்துல மாட்டி ஆன் பண்ணுங்க."

"செத்த டிஸ்க்கையா?" என்றார் கணவர். "எதுக்கு மேடம் வீண் வேலை?"

"அசலை எடுத்தவன் அதை வெளியே கொண்டுபோகப் பயப்படுவான். நாலு மாடி, எல்லா வீட்டுலயும் கண்ணு. செத்த டிஸ்க்குக்கு நடுவுல ஒரு டிஸ்க்கைப் போட்டா யாருக்குத் தெரியும்? இவருகூட ஓட்டை போட்டதுக்கப்புறம்தான் யோசிப்பார். புள்ளியைச் சுரண்டிட்டா நமக்குத்தான் அடையாளம் தெரியாது. இந்தக் கம்ப்யூட்டருக்குத் தன் சாவி எதுன்னு நல்லாத் தெரியும்."

ஸ்க்ரூவுக்குக் கோபமெல்லாம் பறந்துவிட்டது. மூடி திறந்த பெட்டிக்குள் கை விட்டு முதல் டிஸ்க்கை மாட்டினார். பட்டனை அழுத்தினார். டிக், டிக், டிக் என்று பல்லி மாதிரி சத்தம். கறுப்புத் திரை. வெள்ளை வரி.

"இது நிஜமாவே செத்தது," என்றார்.

இரண்டாவது. சத்தமே இல்லை. கறுப்புத் திரை.

மூன்றாவதை எடுத்தபோது கணவர் ஓரடி முன்னால் வந்தார். அவருடைய வலது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. எனக்கு மட்டும் அந்தக் கை தெரிகிற இடத்தில் நான் நின்றிருந்தேன், என் தலையெழுத்து. அந்தக் கையில் ஸ்க்ரூவின் பெரிய ஸ்க்ரூ டிரைவர் இருந்தது.

கத்த வாயைத் திறந்தேன். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மேடத்தின் புடவைத் தலைப்பை இழுத்தேன். அவர் திரும்பாமலே என் கையைத் தட்டிவிட்டார்.

"மாட்டுங்க ஸ்க்ரூ."

மாட்டினார். அழுத்தினார். விசிறி சுழன்றது. கறுப்புத் திரை. அதே கறுப்பு. வெள்ளை வரி வரவில்லை. அதற்குப் பதிலாக நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றியது, சுற்றியது, நீல வெளிச்சம் அறையெங்கும் விழுந்தது. தம்பியும் அக்காவும் கட்டிக்கொண்டு நிற்கும் பழைய போட்டோ ஒன்று திரை முழுக்க விரிந்தது.

"வந்துடுச்சு!" என்று கத்தினார் ஸ்க்ரூ.

"யாரும் நகராதீங்க," என்றார் கணவர்.

குரல் இப்போதும் மெதுவாகத்தான் இருந்தது. அதுதான் பயங்கரமாக இருந்தது. ஸ்க்ரூ டிரைவர் வெளியே வந்துவிட்டது.

"என்னங்க... என்ன இது?" என்றார் அக்கா. அவருக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்க மனசு இடம் கொடுக்கவில்லை.

"நான் சொல்றேன்மா," என்றார் மேடம், அந்த முனையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஸ்க்ரூ மாத்தியிருந்தா அந்தச் சாவியையும் சேர்த்துக் காப்பி பண்ணியிருப்பார். அது அங்க இருக்கறது தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தான். நெயில் பாலிஷ் எந்த டிராயர்ல இருக்குன்னு தெரிஞ்சவர், வெளியாள் இல்லை. நாற்காலியை இறக்கி உக்காந்தவர், காலு நீளமானவர். நேத்து முழுக்க வீட்டுல தனியா இருந்தவர், காய்ச்சல்காரர். நீங்க வந்ததிலேர்ந்து டிஸ்க்குக்குப் பக்கத்துலயே இருந்திருக்கீங்க. அதனால மாத்தினது நேத்துப் பகல்லதான். நேத்தே சாவி போன கம்ப்யூட்டர், இன்னைக்குக் காலையில எப்படி அழகா ஓடும்? சார் வாயாலயே மாட்டிக்கிட்டார்."

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. நான் சொல்லவில்லை, மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். சொல்கிற நிலையில் நான் இல்லை.

"ஆனா வீடியோ அதுல இருக்கே," என்றார் அக்கா. "அழிக்கலையே? குடுத்துடலாம்னுதானே சொன்னார்?"

"குடுக்கணும்னுதான் மாத்தினார். முதல் சீன்தானே பாத்தீங்க? மீதியில ஒரு இடத்துல வெட்டியிருப்பார். அசல் டிஸ்க்குலயே வெட்டினா, அழிச்சதைத் தோண்டி எடுத்துடுவாங்கன்னு தெரியும். அதான் டிஸ்க்கையே மாத்தினார். அந்த வெட்டு நாளைக்குக் கோர்ட்டுல தெரிஞ்சா யார் மேல விழும்? தம்பியைக் காப்பாத்த வீடியோவை வெட்டி ஒட்டின எடிட்டர் அக்கா மேல. அவனும் வெளியே வர மாட்டான், நீங்களும் உள்ளே போயிருப்பீங்க."

"எதுக்கு வெட்டணும்? என் தம்பி ஆடறதையா?"

"அதே நேரத்துல பின்னால தெரியறதை. நீங்க தம்பியை மட்டும் பாத்தீங்க. முதல் சீன்லயே ஹாலுக்குப் பின்னால ஒரு கண்ணாடிக் கதவைப் பாத்தேன். அது வழியா படிக்கட்டு தெரியுமா?"

அக்கா கணவரைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து மவுஸைப் பிடித்தார்.

"தொடாதே," என்றார் கணவர். ஒரே எட்டில் கம்ப்யூட்டருக்கு முன்னால் வந்து, திறந்து கிடந்த பெட்டிக்கு மேல் ஸ்க்ரூ டிரைவரை ஓங்கினார். கீழே டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குத்து போதும். "நான் வேணும்னு பண்ணலை. ராத்திரி வண்டியில ஒருத்தனை இடிச்சுட்டு நிக்காம வந்துட்டேன். அந்தச் செயலாளர் நசுங்கின பம்பரைப் பாத்துட்டான். தினம் தினம் மிரட்டினான். கையை உதறினேன், விழுந்துட்டான். உன் தம்பி சின்னப் பையன், ரெண்டு வருஷத்துல வந்துடுவான். நான் போனா நீ நடுத்தெருவுலதான் நிக்கணும். யோசிச்சுப் பாரு."

வாசல் கதவு தட்டப்பட்டது. வக்கீலின் குரல். கூடவே இன்னொரு கனமான குரல். கதவை உடைக்க எவ்வளவு நேரமாகும்? ஒரு டிஸ்க்கைக் குத்த எவ்வளவு நேரமாகும்? பாயலாம் என்று நினைத்தேன். நினைக்கத்தான் முடிந்தது. என் உடம்பு நகரவில்லை, ஸ்க்ரூவும் நகரவில்லை, மேடமும்தான்.

நகர்ந்தது அக்கா. நாற்காலியிலிருந்து இறங்கி, அந்தக் குட்டையான உடம்பை அப்படியே குனிந்து பெட்டியின் மேல் கவிழ்த்துக்கொண்டார். இப்போது அந்த முனைக்கும் டிஸ்க்குக்கும் நடுவே அவருடைய முதுகு இருந்தது.

"குத்துங்க," என்றார்.

கை ஓங்கியபடியே நின்றது.

"என் பக்கத்துல உக்காந்து அவன் கையைப் பிடிச்சுட்டு அழுதீங்களே. 'மாமா, அக்காவைப் பாத்துக்கங்க'ன்னு சொன்னானே உங்ககிட்ட. குத்துங்க. அப்பதான் இதெல்லாம் பண்ணது நீங்கதான்னு எனக்கு நம்பிக்கை வரும்."

கதவு இடிபட்டது. விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நெடிய அந்த மனிதரின் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தன. ஸ்க்ரூ டிரைவர் தரையில் விழுந்து உருண்டு என் காலில் வந்து இடித்தது. அதைக் குனிந்து எடுப்பதற்குக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை, காலால் மேஜைக்கடியில் தள்ளிவிட்டேன்.

அக்கா எழுந்தார். முகத்தில் ஒரு சொட்டு ரத்தமில்லை. கணவருக்கு எதிரே போய் நின்று, அண்ணாந்து பார்த்து, உள்ளங்கையை நீட்டினார்.

"சாவி."

அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து அந்தக் கையில் வைத்தார்.